மைனஸுக்கும் ஒரு மரியாதை!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் நட்பைப் பற்றி எழுதுவோம். அல்லது அம்மாவைப் பற்றிக் கவிதை எழுதுவோம். நான் எழுத வந்திருப்பதோ ஐந்து வோல்ட்டைப் பற்றி! “லேப்ல படுற பாடு போதாதா, மலர்லயும் இதேதானா?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் ரெக்கார்டு நோட்டைப் பற்றிய விஷயம். நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில் நாம் கையெழுத்துப் போடப்போகும் ரிப்போர்ட்டைப் பற்றிய விஷயமும்கூட.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆய்வகங்களில் பிளஸ் வோல்ட்டுக்கு இருக்கும் மரியாதை மைனஸ் வோல்ட்டுக்கு இல்லை. +5 வோல்ட்டை மீட்டர் வைத்து ஒழுங்காக அளக்கிறோம். −5 வோல்ட் என்று வந்ததும் அதே எண்ணை எடுத்து, முன்னால் ஒரு கோடு இழுத்துவிட்டு, “சேம் டு சேம், மச்சி” என்று அடுத்த ரீடிங்குக்குப் போய்விடுகிறோம். மணி அடிக்கப் போகிறது, அவுட்புட்டில் சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், 4.40 ரயிலைப் பிடிக்க வேண்டும். அவசரம் புரிகிறது. ஆனால் அந்தக் கோட்டை இழுக்கும்போது அளவீட்டின் பாதி உண்மையைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். எப்படி என்று இந்தக் கட்டுரையில் காட்டுகிறேன். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரே துல்லியத்தில் தரும் ஒரு மின்னழுத்த மூலத்தைத் தன் கையால் கட்டவும், அது சொல்வது சரிதானா என்று தானே சோதிக்கவும் தெரிந்துகொண்டுதான் ஒரு டிப்ளமோ மாணவன் இந்த வாசலைத் தாண்ட வேண்டும் என்பது என் கட்சி.

பூஜ்யம் எங்கே இருக்கிறது?

நான் நெமிலிச்சேரிக்காரன். பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் மின்சார ரயில் ஒரு நிமிடம்கூட நிற்காத சின்ன ஸ்டேஷன். ஆனாலும் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலைக்கு நட்டநடு எங்கள் ஊர்தான். வண்டலூர் – நெமிலிச்சேரி பகுதியை 2014-இல் திறந்தார்கள். நெமிலிச்சேரி – மீஞ்சூர் பகுதி 2021-இல் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

வண்டலூரில் நின்றுகொண்டு எண்ணினால் எங்கள் ஊர் 30, மீஞ்சூர் 60. எங்கள் ஊரிலேயே நின்று, “இதுதான் பூஜ்யம்” என்று சொல்லிவிட்டால்? மீஞ்சூர் +30, வண்டலூர் −30. சாலை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வண்டலூர்க்காரர்கள் யாரும் குறைந்தும் போகவில்லை! நாம் நிற்கும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

மைனஸ் வோல்ட் என்பதும் இதுவேதான். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணையுங்கள். அடிமுனையைப் பூஜ்யம் என்று வைத்தால் 9-உம் 18-உம் கிடைக்கும். நடுமுனையைப் பூஜ்யம் என்று வைத்தால் +9-உம் −9-உம் கிடைக்கும். பேட்டரிக்கு ஒன்றுமே தெரியாது. கறுப்பு புரோபை எங்கே வைக்கிறோம் என்பதுதான் எல்லாம். நம் லேபில் இருக்கும் டூயல் பவர் சப்ளையிலும் இதே கதைதான். ஒரு பக்கத்துப் பிளஸையும் மறு பக்கத்து மைனஸையும் சேர்த்து, அந்தச் சந்திப்பைக் காமன் ஆக்கினால்தான் +15-உம் −15-உம் வரும். பச்சை நிற முனை வெறும் எர்த். அது தானாகக் காமன் ஆகிவிடாது. முதலாண்டுத் தம்பி தங்கைகள் இதை ஒரு முறை கையால் செய்து பார்த்துவிட்டால் மூன்று வருடத்துக்கு மறக்க மாட்டார்கள்.

“மைனஸ் வோல்ட் எல்லாம் புத்தகத்தோட சரி” என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்றால் அங்கே 48 வோல்ட் பேட்டரி. அதுவும் −48 வோல்ட்! பிளஸ் முனையைத்தான் எர்த் செய்கிறார்கள். ஈரமான மண்ணில் கிடக்கும் செம்புக் கம்பி பூமியைவிடப் பிளஸாக இருந்தால் மின்பகுப்பில் அரித்துப் போகும்; மைனஸாக இருந்தால் அந்த அரிப்பு குறையும். பூஜ்யத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்து முடிவு செய்த முன்னோர்கள் பூமிக்கடியில் போட்ட கம்பிகளைக் காப்பாற்றினார்கள்.

தவறான திருகு

நம்மைச் சுற்றி இருப்பது சாதாரண வட்டாரமா? ஆவடியில் 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை. 1960-களிலேயே எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. சி.என்.சி. மெஷின், பி.எல்.சி., மோட்டார் டிரைவ் என்று நம்மில் பலருக்குச் சோறு போடப்போகும் இடங்கள் இவை. அந்த மெஷின்களில் பலவற்றில் வேகக் கட்டளை +10 வோல்ட்டிலிருந்து −10 வோல்ட் வரை போகும். பிளஸ் என்றால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும். மைனஸ் என்றால் மறு பக்கம். பூஜ்யம் என்றால் அசையாமல் நிற்க வேண்டும். அதாவது மைனஸ் அங்கே வெறும் கோடு இல்லை, திசை!

இன்பிளான்ட் டிரெய்னிங்கில் நான் இருந்த ஒரு சிறு தொழிலகத்தில் (பெயர் வேண்டாமே) இப்படி ஒரு டிரைவைச் சரிபார்த்தார்கள். மூலத்திலிருந்து +5 வோல்ட் கொடுத்தார்கள். டிரைவ் 5.05 என்று காட்டியது. அந்த கார்டில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று ‘ஜீரோ’, இன்னொன்று ‘ஸ்பான்’. பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், கைக்கு எட்டிய ஜீரோ திருகைத் திருப்பி 5.00 ஆக்கிவிட்டார்.

“அண்ணே, மைனஸ்லயும் ஒரு தடவை பாத்துடலாமா?”

“அது தானா சரியா வந்துடும் தம்பி. நீ போய் டீ சொல்லு.”

தானாக வரவில்லை. உண்மையில் அந்த கார்டில் இருந்த பிழை ஸ்பான் பிழை. எல்லா அளவையும் 100-க்கு 1 கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. பூஜ்யம் சரியாகத்தான் இருந்தது. ஜீரோவைத் திருப்பியதால் +5 சரியானது போலத் தெரிந்தது. மைனஸ் பக்கமோ −5.05 ஆக இருந்தது −5.10 ஆகிவிட்டது. பூஜ்யம் கொடுத்தால் −0.05! 10 வோல்ட்டுக்கு 3000 சுற்று என்று வைக்கப்பட்ட மோட்டாரில் 0.05 வோல்ட் என்றால் நிமிடத்துக்கு 15 சுற்று. ‘நிறுத்திய’ மோட்டார் மெல்ல மெல்லத் தலைகீழாகச் சுற்றியது. நல்லவேளை, யாரும் கை வைக்கவில்லை.

அந்த அண்ணன் கெட்டிக்காரர். எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பக்கத்து ரீடிங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்தத் திருகில் கோளாறு என்று எந்தக் கெட்டிக்காரனாலும் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம். +5.05 என்றால் பூஜ்யம் 0.05 நகர்ந்திருக்கலாம், ஸ்பான் 1 சதவீதம் கூடியிருக்கலாம். மைனஸும் எடுத்தால்தான் தீர்ப்பு கிடைக்கும். மறு பக்கம் −4.95 வந்தால் பூஜ்யப் பிழை. −5.05 வந்தால் ஸ்பான் பிழை. பிளஸ் ரீடிங்கையும் மைனஸ் ரீடிங்கையும் குறியோடு கூட்டிப் பாதியாக்கினால் வருவது பூஜ்யப் பிழை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கினால் வருவது உண்மையான அளவு. இரண்டே வரிக் கணக்கு!

ப்ளஸ் டூ படித்துவிட்டு வந்தவர்கள் டேஞ்சன்ட் கால்வனாமீட்டரை நினைத்துப் பாருங்கள். கம்யூட்டேட்டரைத் திருப்பிப் போட்டு மறுபடியும் ரீடிங் எடுக்கச் சொன்னார்களே, எதற்கு? “சார் சொன்னார், எடுத்தோம்” என்று இருந்துவிட்டோம். மின்னோட்டத்தைத் திருப்பிச் சராசரி எடுத்தால் முள்ளும் சுருளும் கொஞ்சம் கோணலாக இருக்கும் பிழை அடிபட்டுப் போகும் என்பதற்காகத்தான். மைனஸின் மரியாதை அன்றைக்கே பாடத்தில் இருந்தது. நாம்தான் கவனிக்கவில்லை.

ஐந்து என்று யார் சொன்னது?

சரி, இப்படிச் சோதிக்க நம்பகமான +5-உம் −5-உம் வேண்டும். “அதுக்கென்ன, 7805 ஒண்ணு, 7905 ஒண்ணு போட்டா முடிஞ்சுது” என்பீர்கள். டேட்டா ஷீட்டைத் திறந்து பாருங்கள். 7805 என்பது 4.8-லிருந்து 5.2 வோல்ட்டுக்குள் எங்கே இருந்தாலும் நல்ல ஐ.சி.தான். 7905-உம் அப்படியே. ஒன்று +5.2, இன்னொன்று −4.8 என்று வந்தாலும் இரண்டும் பாஸ்! நடுவில் 0.4 வோல்ட் வித்தியாசம். இது ஐ.சி.யின் குற்றமில்லை. சர்க்யூட்டுக்குச் சாப்பாடு போடத்தான் அதைச் செய்தார்கள். அளந்து காட்ட இல்லை. தண்ணீர் லாரி தெருவுக்குத் தண்ணீர் கொடுக்கும். அதை வைத்து லிட்டர் அளக்க முடியுமா?

அளக்க வேண்டும் என்றால் அதற்கென்றே பிறந்த ‘ரெஃபரன்ஸ்’ ஐ.சி.கள் இருக்கின்றன. நமக்குப் பழக்கமான டி.எல்.431 இந்தக் குடும்பத்தின் ஏழைப் பங்காளன், 2.5 வோல்ட் அளவில் நிற்கும், பத்துப் பதினைந்து ரூபாய் கையில் இருந்தால் வாங்கிவிடலாம். ரெஃப்-02 என்பது 5 வோல்ட் தருவது. ஏ.டி.584 ஒன்றே 10, 7.5, 5, 2.5 என நான்கு அளவுகளையும் தரும். கால்களை இணைக்கும் விதத்தில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இவற்றை ஏன் நம்புகிறோம்? இங்கே ஒரு நீண்ட வம்சாவளி இருக்கிறது. எட்வர்ட் வெஸ்டன் 1893-இல் உருவாக்கிய காட்மியம் செல், 20 டிகிரி செல்சியஸில் 1.0186 வோல்ட் தரும். 1911-லிருந்து பல பத்தாண்டுகள் உலகத்துக்கே அதுதான் வோல்ட்டின் அளவுகோல். 1990-லிருந்து அந்த இடத்துக்கு ஜோசப்சன் விளைவு வந்தது. மிகக் குளிர்ந்த மீக்கடத்திச் சந்திப்பில் நுண்ணலையைச் செலுத்தி, அதன் அதிர்வெண்ணிலிருந்து வோல்ட்டை வரவழைக்கிறார்கள். 2019-இல் அலகுகளின் வரையறை மாறியபோது இந்த உறவு முழுத் துல்லியமானதாகிவிட்டது. நம் நாட்டில் இந்த வோல்ட்டைக் காப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கிருந்து அங்கீகாரம் பெற்ற அளவீட்டுக் கூடங்களுக்கும், அங்கிருந்து தொழிற்சாலை மீட்டர்களுக்கும் சங்கிலி போல அது இறங்கி வருகிறது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி யார் தெரியுமா? ரெக்கார்டு நோட்டும் கையுமாக நிற்கும் நாம்தான்! நாம் கணக்கில் வந்த எண்ணை ரீடிங் என்று எழுதினால் டெல்லியில் எவ்வளவு துல்லியம் இருந்து என்ன பயன்?

மைனஸ் எடுக்க நாலு வழி

ஒரு நல்ல ரெஃபரன்ஸ் கையில் இருக்கிறது. அது பிளஸ் மட்டும்தான் தருகிறது. மைனஸுக்கு என்ன செய்யலாம்?

முதல் வழி, திருப்பிப் போடுவது. ரெஃப்-02-வை ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வெளியே வரும் இரண்டு கம்பிகளையும் ஒரு டி.பி.டி.டி. ஸ்விட்ச் வழியாக எடுங்கள். ஸ்விட்சின் இரு ஓரங்களையும் குறுக்காக இணைத்தால் ஒரு பக்கம் தள்ளினால் பிளஸ், மறு பக்கம் தள்ளினால் மைனஸ். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை. அளவில் வித்தியாசமே வர வழியில்லை. மேலே சொன்ன ஜீரோ – ஸ்பான் சோதனைக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. மூலம் மிதக்க வேண்டும். அதாவது அதன் எந்த முனையும் எர்த்தோடு இணைந்திருக்கக் கூடாது. மெயின்ஸில் ஓடும் மூலத்தின் மைனஸ் முனை எர்த்தில் இருந்து, சோதிக்கும் கருவியின் காமனும் எர்த்தில் இருந்தால், திருப்பிப் போட்ட அந்த நொடியே ஷார்ட் சர்க்யூட்! பேட்டரி டப்பாவுக்கு அந்தப் பயம் இல்லை. பேட்டரி 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் மாற்றிவிடுங்கள்.

இதில் ஒரு குறை: ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டாவது வழி, நமக்கெல்லாம் தெரிந்த இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபையர். +5-ஐ உள்ளே கொடு, இரண்டு சமமான மின்தடைகளைப் போடு, −5 வெளியே வரும். பரீட்சையில் இதற்கு முழு மார்க். நிஜத்தில்? 1 சதவீத மின்தடைகள் போட்டால், ஒன்று கூடி ஒன்று குறைந்து, −4.90-க்கும் −5.10-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். 0.1 சதவீதம் போட்டால்கூட 10 மில்லிவோல்ட் வரை தள்ளும். அதோடு 741-இன் ஆஃப்செட் சில மில்லிவோல்ட் சேரும். ஓபி-07 போட்டால் அந்த ஆஃப்செட் தொல்லை ஏறக்குறைய இல்லை. மின்தடைகளில் ஒன்றோடு ஒரு சின்ன டிரிம்பாட் சேர்த்தால் சரிசெய்துகொள்ளலாம்.

மூன்றாவது வழி, ரெஃபரன்ஸையே தலைகீழாக நிற்க வைப்பது. ஏ.டி.584-இன் இன்புட் காலையும் 10 வோல்ட் அவுட்புட் காலையும் சேர்த்துக் கிரவுண்டில் கட்டுங்கள். காமன் காலை ஒரு மின்தடை வழியாக −15 வோல்ட்டுக்கு இழுங்கள். இப்போது அது ஒரு துல்லியமான ஜீனர் போல நடந்துகொள்ளும்; காமன் காலில் −10 வோல்ட் வந்து நிற்கும். டி.எல்.431-ஐயும் இதே போலக் கேதோடைக் கிரவுண்டில் கட்டித் தொங்கவிடலாம். இந்த வழியில் எடுக்கிற மின்னோட்டம் கொஞ்சமாக இருக்க வேண்டும். அந்த மின்தடையைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரெஃபரன்ஸின் அவுட்புட் காலை ஓர் ஆப்-ஆம்பின் மைனஸ் இன்புட்டில் கொடுங்கள். பிளஸ் இன்புட்டைக் கிரவுண்ட் செய்யுங்கள். ஆப்-ஆம்பின் அவுட்புட்டை ரெஃபரன்ஸின் கிரவுண்ட் காலோடு இணையுங்கள். என்ன நடக்கும்? இரண்டு இன்புட்டையும் சமமாக்க ஆப்-ஆம்ப் பாடுபடும். ரெஃபரன்ஸின் அவுட்புட்டைப் பூஜ்யத்தில் பிடித்து வைக்கும். அவுட்புட் பூஜ்யத்தில் இருந்தால் அதைவிட 5 வோல்ட் கீழே இருக்கும் கிரவுண்ட் கால் எங்கே போகும்? −5-க்குத்தான்! சமமான மின்தடை எதுவும் தேவையில்லை. மிஞ்சும் பிழை ரெஃபரன்ஸின் சொந்தப் பிழையும் ஆப்-ஆம்பின் ஆஃப்செட்டும் மட்டுமே. சர்க்யூட் ஊஞ்சலாடினால் ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டு அடக்க வேண்டும். நெமிலிச்சேரியைப் பூஜ்யம் ஆக்கிய அதே வேலைதான் இது; நாம் நிற்கும் இடத்தை மாற்றியிருக்கிறோம்.

தராசுத் தட்டை மாற்றிப் போடுங்கள்

கட்டியாயிற்று. பிளஸும் மைனஸும் சமமா என்று எப்படிச் சோதிப்பது? நம் கையில் இருப்பது சாதாரண மூன்றரை இலக்க மல்டிமீட்டர். 20 வோல்ட் ரேஞ்சில் அதன் கடைசி இலக்கம் 10 மில்லிவோல்ட். அதன் துல்லியம் பெரும்பாலும் அரை சதவீதம். 5.00 என்று காட்டினால் 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் இப்படியோ அப்படியோ இருக்கலாம். “நல்ல மீட்டர் இல்லாம என்ன சார் பண்றது?” என்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். நம் காய்கறிச் சந்தையிலேயே விடை இருக்கிறது. தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருக்கும் தராசுக்காரனை எப்படிப் பிடிப்போம்? எடைக்கல்லையும் கத்தரிக்காயையும் தட்டு மாற்றி வைக்கச் சொல்வோம். குட்டு உடைந்துவிடும்.

அதேதான். 10 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை வரிசையாக இணைத்து, ஒரு முனையை +5-லும் மறு முனையை −5-லும் கொடுங்கள். நடுப்புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள். இந்த ரேஞ்சில் 0.1 மில்லிவோல்ட் வரை தெரியும். பிளஸும் மைனஸும் சமமாக இருந்து மின்தடைகளும் சமமாக இருந்தால் பூஜ்யம் காட்டும். ஆனால் மின்தடைகள் சமம் என்று யார் கண்டது? அதனால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஒரு ரீடிங் எடுங்கள். இரண்டு ரீடிங்கின் சராசரியில் மின்தடைகளின் பிழை அடிபட்டுப் போகும். மிஞ்சுவது பிளஸுக்கும் மைனஸுக்கும் உள்ள வித்தியாசத்தில் சரிபாதி. ஓர் உதாரணம்: முதல் ரீடிங் +12 மில்லிவோல்ட், மாற்றிப் போட்டால் −8. சராசரி +2. அப்படியானால் பிளஸ் பக்கம் 4 மில்லிவோல்ட் ஓங்கியிருக்கிறது. டிரிம்பாட்டைத் தொட்டுச் சரிசெய்ய வேண்டியதுதான்.

பாருங்கள், விலை உயர்ந்த கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. இரண்டு மின்தடையும், மாற்றிப் போட்டுப் பார்க்கும் புத்தியும் போதும். இது சமத்தை மட்டும்தான் சொல்லும். ஐந்து ஐந்துதானா என்று சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு ரெஃபரன்ஸின் டேட்டா ஷீட்டும், வருடத்துக்கு ஒரு முறை நல்ல அளவீட்டுக் கூடத்தில் ஒப்பிட்ட சான்றும் வேண்டும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். காலையில் லேப் 28 டிகிரி. மே மாத மதியம் 38 டிகிரி. டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கு நகரும் ரெஃபரன்ஸ் என்றால், 10 டிகிரிக்கு 5 வோல்ட்டில் 2.5 மில்லிவோல்ட் நகரும். ரீடிங்கோடு மணியையும் வெப்பத்தையும் ஓர் ஓரமாக எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

“இதெல்லாம் எதுக்கு மச்சி?”

எதிர்க்கட்சி வாதங்களையும் கேட்டுவிடுவோம். “எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு, இன்னும் மைனஸ் வோல்ட்டைக் கட்டிக்கிட்டு அழணுமா?” என்று ஒரு நண்பன் கேட்டான். பிராஜெக்ட்டுக்கு நாம் எல்லோரும் வாங்கும் அர்டுயினோ ஊனோவையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஏதும் சொல்லாவிட்டால் அது தனக்கு வரும் 5 வோல்ட் சப்ளையையே அளவுகோலாக வைத்து அளக்கிறது. யு.எஸ்.பி.யில் அந்த 5 வோல்ட் 4.75-ஆகவும் இருக்கலாம், 5.25-ஆகவும் இருக்கலாம். அளவுகோலே ரப்பர் என்றால் திரையில் நாலு தசம இலக்கம் காட்டி என்ன பயன்? மைனஸ் வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அதன் கால் போய்விடும், நடுவில் 2.5-ஐப் பூஜ்யமாக்கி உயர்த்தித்தான் கொடுக்க வேண்டும். டிஜிட்டல் பெட்டிக்குள் நுழையும் வாசலில் அனலாக்தான் காவல்காரன்.

“சிலபஸில் இல்லையே” என்பது இரண்டாவது வாதம். ஆப்-ஆம்ப் சிலபஸில் இருக்கிறது. ரெகுலேட்டர் இருக்கிறது. மின்தடைப் பாலம் இருக்கிறது. மூன்றையும் ஒரே மேசையில் சேர்த்துவைப்பது மட்டும்தான் இல்லை. அதை நாம் செய்யலாமே!

மூன்றாவது வாதம்தான் கனமானது. “ரீடிங் தியரிக்கு ஒத்து வரலைன்னா எக்ஸ்டர்னல் மார்க் போட மாட்டாரு.” நியாயமான பயம். ஆனால் எண்ணிப் பாருங்கள். −4.93 என்று வந்த ரீடிங்கை −5.00 என்று திருத்தி எழுதுகிறவன், “ஏன் 4.93 வந்தது?” என்ற கேள்விக்குப் பதில் தேடும் வாய்ப்பையே இழந்துவிடுகிறான். “மின்தடை 1 சதவீதம் சார், அதனால 100 மில்லிவோல்ட் வரைக்கும் போகலாம் சார்” என்று வைவாவில் ஒருவன் சொன்னால், எந்த எக்ஸ்டர்னல் மார்க்கைக் குறைப்பார்? எங்கள் துறை ஆசிரியர்களிடம் என் பணிவான வேண்டுகோளும் இதுதான்: தியரியோடு ஒத்துப்போகும் ரீடிங்குக்கு மார்க் போடுவதைவிட, ஒத்துப்போகாத ரீடிங்குக்குக் காரணம் சொல்பவனுக்கு மார்க் போடுங்கள். அதன்பின் நோட்டில் பொய் எழுத யாருக்கும் தேவை இருக்காது.

நாம் செய்யக்கூடியது

மாணவர் பேரவைக்கு என் யோசனை மூன்று. ஒன்று: இறுதியாண்டு மாணவர்கள் விடைபெறும்போது துறைக்கு ஒரு நினைவுப் பரிசு தருகிறோம். அடுத்த ஆண்டு சுவர்க் கடிகாரத்துக்குப் பதிலாக, நாமே கட்டிய ஒரு பிளஸ் – மைனஸ் ரெஃபரன்ஸ் டப்பாவைக் கொடுப்போம். பேட்டரி, ஒரு ரெஃபரன்ஸ் ஐ.சி., ஒரு டி.பி.டி.டி. ஸ்விட்ச், இவ்வளவுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மதியம் சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். இரண்டு: அந்த டப்பாவின் மூடியில், வருடத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டு எடுத்த +அளவும் −அளவும் தேதியோடு எழுதி ஒட்டப்படட்டும். ஒவ்வொரு செட்டும் தன் வருடத்து எண்ணை அடியில் சேர்க்கட்டும். மூன்று: எல்லா ரெக்கார்டிலும் மைனஸுக்கென்று தனிப் பத்தி இருக்கட்டும், அதில் மீட்டர் காட்டியது மட்டும் இருக்கட்டும்.

நம் ஊர் வழியாகப் போகும் ரயிலின் மேலே 25,000 வோல்ட் ஓடுகிறது. அதைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், மரியாதை கொடுக்கிறோம். என் மேசையில் இருப்பதோ 2 மில்லிவோல்ட் வித்தியாசம். அது யாரையும் அடிக்காது, ஒரு எல்.இ.டி.யைக்கூட எரிய வைக்காது. ஆனால் அதை உள்ளபடி எழுதுகிறவன் கையில்தான் நாளைக்கு ஒரு மெஷினையும், அதன் பக்கத்தில் நிற்கும் ஒரு தொழிலாளியின் விரல்களையும் நம்பி ஒப்படைக்க முடியும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை −5 வோல்ட்டை எழுதும்போது பேனாவை ஒரு நொடி நிறுத்துங்கள். கோடு போடுவதற்கு முன்னால் புரோபைத் திருப்பி வையுங்கள். மீட்டர் என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள்.

அளப்போம், இரு பக்கமும்! எழுதுவோம், அளந்ததை மட்டும்!

— மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவன், நெமிலிச்சேரி